2,400 வெள்ளி போய்விட்டது: எஃபெக்ட்ஸ் வேலைக்கு வீடியோ கொடுப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று ராத்திரி மண்டபத்தில் எங்கள் பழைய தோட்டத்தைப் பற்றிய வீடியோ படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு வந்தவன் இன்னும் தூங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2,400 மலேசிய வெள்ளி. அதில் என் பணம் 900தான். மீதி 1,500 எங்கள் தோட்டத்தை விட்டுப் பிரிந்துபோனவர்கள் ஐம்பதும் இருபதுமாகப் போட்டுக் கொடுத்தது.

நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, சனி ஞாயிறில் கல்யாணம், கோயில் திருவிழா என்று வீடியோ எடுப்பேன். அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் இப்போது லயன் வீடு, அதாவது தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடு, ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, கோயில் மட்டும் நிற்கிறது. இந்த வருடத் திருவிழாவை எடுத்து, பழைய படங்களை வைத்து லயன் வீடுகள் இருந்த இடத்திலேயே மறுபடி எழும்புவது போல 14 ஷாட் செய்து, பழைய தோட்டக்காரர்கள் கூடும் விருந்தில் காட்ட நினைத்தோம். பிரீமியர் மென்பொருளில் எடிட்டிங்கை நானே செய்துவிடுவேன், எஃபெக்ட்ஸ் எனக்கு வராது. அதற்குத்தான் ஈப்போவில் கல்யாண எடிட்டிங்கும் எஃபெக்ட்ஸும் செய்கிற ஒரு கடைக்குப் போனேன்.

பழைய படங்களை மேசையில் பரப்பினேன். முதலாளி ஒன்றைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "அண்ணே, நானும் தோட்டத்துப் பிள்ளைதான். எங்க லயன்லயும் இதே மாதிரி வாசல்ல தண்ணி பீப்பாய் இருக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். பாதி முன்பணம் கொடுக்கலாம் என்று போனவன், 2,400 வெள்ளியையும் அங்கேயே நின்று போனிலிருந்து மாற்றிவிட்டேன். நான் கொடுப்பது 10 பிட் (நிறங்களை நுணுக்கமாகப் பதிவது), திரும்பியும் 10 பிட்டாகவே வேண்டும், தரம் குறையக் கூடாது என்று சொன்னதற்கு, "அத எங்கிட்ட விட்டுருங்க" என்றார். எழுதி வாங்கவில்லை.

ஒவ்வொரு ஷாட்டையும் 4கே, வினாடிக்கு 25 ஃபிரேம், புரோரெஸ் 422 எச்க்யூவில் (எடிட்டிங்குக்கென்றே தரம் குறையாமல் வைக்கும் பெரிய ஃபைல் வகை), முன்னும் பின்னும் 12 ஃபிரேம் கூடுதலாக விட்டு ஹார்ட் டிஸ்கில் கொடுத்தேன். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம், ஏறக்குறைய 11 ஜிபி. விருந்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது லிங்கில் வந்த 14 ஃபைலும் சேர்ந்து 400 எம்பிகூட இல்லை. வயிறு கலங்கிவிட்டது. எல்லாமே எச்.264 எம்பி4, அதாவது நசுக்கிச் சின்னதாக்கிய ஃபைல், அதுவும் 8 பிட். 10 பிட்டில் ஒரு நிறத்துக்கு 1,024 படி, 8 பிட்டில் 256தான். கோயிலுக்குப் பின்னால் இருட்டிக்கொண்டு வரும் வானம் அப்படியே பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கிறது. அது போதாதென்று 30 ஃபிரேமுக்கு மாற்றியிருக்கிறார்கள், கேமரா நகரும் ஷாட்டெல்லாம் நொண்டுகிறது. ஃபைல் பெயர் மாறி, கூடுதல் ஃபிரேமும் போய், எது எந்த ஷாட் என்று கண்ணால் பார்த்து ஒட்ட வேண்டியதாயிற்று.

கூப்பிட்டேன். முதலில் "உங்க டிவில பிரச்சினை" என்றார்கள். அப்புறம் "யூடியூப்ல போட்டா எல்லாம் ஒன்னுதான்ணே". விடாமல் கேட்டதும் புரோரெஸாகவே அனுப்பினார்கள், 11 ஜிபிக்கு மேல். சந்தோஷமாகத் திறந்தால் அதே பட்டை, அதே நொண்டல்! அந்த எம்பி4ஐயே புரோரெஸாக மாற்றி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை எச்.264இல் நசுங்கிப் போன தகவல் திரும்பி வராது, ஃபைல்தான் வீங்கும். "சரியாத்தான் செஞ்சோம்" என்று கடைப் பையன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற எஃபெக்ட்ஸ் மென்பொருளின் கீழ் ஓரத்தில் 8 பிட் என்று பளிச்சென்று தெரிகிறது. புது புராஜெக்ட் திறந்தால் அது 8 பிட்டில்தான் திறக்கும், 16க்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அதைக்கூடச் செய்யாமல்தான் 2,400 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். கடைசியாக, திரும்பச் செய்ய இன்னும் 600 வெள்ளி கேட்டார்கள். அதற்கப்புறம் முதலாளி "வெளியூர்". மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுகிறது.

வேறு வழியில்லாமல் அதையே போட்டேன். பெரிய திரையில் லயன் எழும்பும்போது முன்வரிசையில் ஒரு பாட்டி, "என்னய்யா, எங்க வீடு மட்டும் இப்படி கலங்கலா தெரியுது" என்று கேட்டார். அவரும் இருபது வெள்ளி போட்டவர்.

எப்படிக் கொடுத்து எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. முழுப் பணத்தை முதலிலேயே கொடுக்காதீர்கள். ஒரே ஒரு ஷாட்டை முதலில் வாங்கி உங்கள் டைம்லைனில் ஒரிஜினலுக்கு மேல் வைத்துப் பாருங்கள். புரோரெஸ் அல்லது அதே மாதிரித் தரமான டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ், எத்தனை பிட், எத்தனை ஃபிரேம், ஃபைல் பெயர் மாறக் கூடாது, எல்லாவற்றையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னணி இல்லாத லேயர் கேட்டால் புரோரெஸில் 4444தான், 422இல் அது வராது. பிரீமியரும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் ஒரே கணினியில் இருந்தால் இரண்டையும் நேராக இணைக்கும் டைனமிக் லிங்க் போதும், நடுவில் ஃபைல் எடுக்கவே வேண்டாம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீலும் தேவையில்லை. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். ஆனால் ஹார்ட் டிஸ்கும் பழைய படங்களும் இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கின்றன, முதலில் அவற்றை வாங்கிக்கொண்டுதான் மனு கொடுக்கப் போவேன்.