தென்னாப்பிரிக்கப் போலீசில் சேர: தகுதி விதிகளும் விண்ணப்பச் சேவையும் எப்படி?

தென்னாப்பிரிக்கப் போலீஸ் சேவையான எஸ்.ஏ.பி.எஸ். பயிற்சிக் காவலர்களை எடுக்கப்போகிறது என்ற செய்தி வந்தாலே, டர்பன் நகரில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் "நம்ம பிள்ளை விண்ணப்பம் போடலாமா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். தாராளமாகப் போடலாம். தகுதி விதிகள் தெளிவாக இருக்கின்றன, பெரும்பாலும் நியாயமாகவும் இருக்கின்றன. விண்ணப்பித்த பிறகு தகவல் வராமல் காத்திருக்க வைப்பதுதான் இந்தச் சேவையின் பெரிய குறை.

அடிப்படை விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தென்னாப்பிரிக்கக் குடியுரிமை வேண்டும். அண்மை அறிவிப்புகளில் வயது 18 முதல் 35 வரை. மெட்ரிக், அதாவது கிரேடு 12 தேறியிருக்க வேண்டும், தொழிற்கல்லூரியில் என்.சி.வி. எனும் தேசியத் தொழிற்கல்விச் சான்றிதழின் நான்காம் நிலையை முடித்தவர்களும் போடலாம். தமிழ்நாட்டு போலீஸ் தேர்வைக் கேள்விப்பட்டவர்கள் உயரம், மார்பளவு பற்றிக் கேட்பதுண்டு. இங்கே அந்த அளவுகள் கேட்கப்படுவதில்லை.

மொழி விதியில் நம்மவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தோடு இன்னொரு ஆட்சிமொழியும் தெரிந்திருக்க வேண்டும். தமிழை வளர்க்கவும் மதிக்கவும் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொன்னாலும், 12 ஆட்சிமொழிகளில் அது இல்லை. ஆகவே பள்ளியில் படித்த ஜூலுவோ ஆஃப்ரிகான்ஸோதான் கைகொடுக்கும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வேலை பார்ப்பதானால் ஜூலு பேசத் தெரிவது நிலையத்திலும் தெருவிலும் தினமும் உதவும்.

இனி உடல் அளவு. உடல் நிறைக் குறியீடு 30க்குக் கீழே இருக்க வேண்டும். இடுப்பளவுக்கு ஆண்களுக்கு 102 சென்டிமீட்டர், பெண்களுக்கு 88 என்று வரம்பு. கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உயரத்தால் இருமுறை வகுத்தால் குறியீடு கிடைத்துவிடும். 1.70 மீட்டர் உயரம் உள்ளவருக்கு 86 கிலோ வரை சரி, 87 ஆனால் வரம்பு தாண்டிவிடும். 1.60 மீட்டருக்கு 76 கிலோ. பேன்ட் சைஸை வைத்து இடுப்பைக் கணக்கிட்டால் தப்பாகிவிடும், ஏனென்றால் பேன்ட் தொப்பைக்குக் கீழேதான் நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு பட்டினி கிடந்து பத்து கிலோ குறைக்கப் பார்ப்பவர்கள் உடற்தகுதித் தேர்வில் ஓட முடியாமல் திணறுவார்கள். ஆறு மாதம் முன்பே தொடங்குவதுதான் சரி.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி குற்றப் பதிவு. வெள்ளிக்கிழமை இரவு தெருச்சண்டையில் ஒரு பையன் மாட்டுகிறான். "குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் கோர்ட்டுக்கு வரவேண்டாம், இப்போதே வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். பெற்றோரும் நிம்மதியாகக் கட்டிவிடுகிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, அப்படிக் கட்டினாலே நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்ததற்குச் சமம். கைரேகையும் எடுத்திருந்தால் பதிவு நிற்கும், போலீஸ் கனவு அங்கேயே அடிபடும். வேகமாக ஓட்டியதற்கு வரும் சாதாரண டிக்கெட் பொதுவாக இந்தக் கணக்கில் வராது. சிறு குற்றத்துக்கான பதிவை நீக்கச் சொல்லி அரசின் நீதி அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தண்டனை கிடைத்து 10 ஆண்டு கழிந்திருக்க வேண்டும், அபராதமும் 20,000 ராண்டுக்கு மேல் போயிருக்கக் கூடாது. 22 வயதில் மாட்டியவருக்கு 32 ஆகிவிடும், வயது வரம்புக்கு மிச்சம் கொஞ்சம்தான். விளைவு தெரியாமல் கட்டியவர்கள் உயர் நீதிமன்றத்தில் மறு ஆய்வு கேட்க வழி உண்டு, அதற்கு வழக்கறிஞர் தேவை. பதிவு இருப்பதைப் படிவத்தில் மறைப்பது மட்டும் வேண்டாம். கைரேகைச் சோதனையில் வெளிவந்துவிடும், பொய் சொன்ன குற்றமும் சேர்ந்துகொள்ளும். இந்த விதி கடுமைதான், ஆனாலும் துப்பாக்கி கொடுக்கும் வேலைக்கு இது தேவை. பிள்ளைகளுக்கு இதைப் பள்ளியிலேயே யாரும் சொல்லித் தராததுதான் வருத்தம்.

பச்சை குத்தியவர்களுக்கு: வெளியே தெரிகிற, சேவையின் நோக்கத்துக்குப் பொருந்தாத அடையாளத்தைத்தான் விதி தடுக்கிறது. முன்கையில் வேலோ ஓமோ இருப்பதும் குற்றக் கும்பலைக் காட்டும் எண் இருப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் முடிவு பார்ப்பவர் கையில் இருப்பதால், போலீஸ் வேலை மனதில் இருந்தால் சட்டைக்குள் மறையும் இடத்தில் குத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் உரிமம் இருந்தால் நல்லது. கார் ஓட்டுவதற்கான கோட் பி போதும். சான்றிதழ் நகல்களில் தேதியைப் பாருங்கள், உண்மை நகல் என்று சான்றளிக்கும் முத்திரை பழையதானால் செல்லாது. போலீஸ் நிலையத்திலேயே இலவசமாக முத்திரை வைத்துத் தருவார்கள். 2025இல் இணையவழி விண்ணப்பம் வந்திருப்பது நல்ல மாற்றம். ஆனால் கடைசி நாள்வரை காத்திருந்தால் தளம் திணறும் என்பதால் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

அடுத்து மனத்திறன் தேர்வு, உடற்தகுதி, மருத்துவம், நேர்மைச் சோதனை எனப் படிகள் இருக்கின்றன. சாட்ஸ்வர்த்திலேயே பயிற்சிக் கல்லூரி இருந்தாலும் அங்கேதான் போடுவார்கள் என்று எண்ண வேண்டாம். நாட்டில் எங்கும் பணிபுரியச் சம்மதிப்பதும் ஒரு நிபந்தனை.

விண்ணப்பத்துக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. "இடம் வாங்கித் தருகிறேன்" என்று யார் பணம் கேட்டாலும் மோசடிதான், கொடுப்பவர் மீதும் ஊழல் வழக்கு வரும். முடிவு தேதிக்குப் பிறகு மூன்று மாதத்தில் அழைப்பு வராவிட்டால் தேறவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அறிவிப்புகளின் வழக்கமான வாசகம். ஏன் தேறவில்லை என்று எஸ்.ஏ.பி.எஸ். ஒரு வரி எழுதினால் அடுத்த முறைக்குத் திருத்திக்கொள்ள எவ்வளவோ உதவும். அந்த மூன்று மாதமும் படிவத்தில் கொடுத்த சிம்மை மாற்றாதீர்கள். மாற்றுத் தொடர்புக்கு இடம் இருந்தால் அம்மா அல்லது அண்ணன் எண்ணையும் எழுதுங்கள்.