பதினைந்தாயிரம் ரூபாயில் வீட்டுக் காவல்: வைஃபை கேமராவா, டிவிஆர் செட்டா?

புறநகரில் ஒரு தனி வீடு. முன்னால் கிரில் கேட், பின்னால் சமையலறையை ஒட்டி ஒரு மரக்கதவு. பகலில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். சொந்த ஊருக்குப் போகும் நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கிறது. பாதுகாப்புக்கென்று ஒதுக்க முடிந்தது 15,000 ரூபாய். இந்தப் பணத்துக்குக் கடைக்காரர் நான்கு கேமராவும், அவற்றின் படத்தைச் சேமிக்கும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியும் கொண்ட செட் ஒன்றைக் காட்டுவார். இணையத்தில் தேடினால் இரண்டாயிரம் ரூபாய் அளவிலேயே சுழலும் வைஃபை கேமரா கிடைக்கிறது. இரண்டில் எது என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முதல் நாலாயிரம் ரூபாய் கேமராவுக்குப் போகக் கூடாது.

நாளிதழ்களில் வரும் திருட்டுச் செய்திகளைக் கவனித்துப் படியுங்கள். பின்பக்கக் கதவை உடைத்து உள்ளே புகுந்தனர் என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. கேமரா பதிவு இருந்த ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துச் சென்றனர் என்ற வரியும் பலமுறை வருகிறது. முதலாவது, கதவு எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வி. இரண்டாவது, பதிவு எங்கே தங்குகிறது என்ற கேள்வி. என் தீர்ப்பு முழுவதும் இந்த இரண்டையும் வைத்துத்தான். மெகாபிக்சல் பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

கதவிலிருந்து தொடங்குவோம். பல வீடுகளில் முன்கதவு தேக்கு, பின்கதவு ஏனோதானோ. அதில் இருக்கும் டவர் போல்ட் என்ற தாழ்ப்பாள் அரை அங்குல ஸ்க்ரூவில் நிற்கும். இரண்டு உதையில் பெயர்ந்துவிடும். தச்சரை அழைத்து, நிலைக்குள் ஆழமாக இறங்கும் நீள ஸ்க்ரூக்களைப் போட்டு, உட்புறம் குறுக்காக ஓர் இரும்புப் பட்டையும் பொருத்துங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காந்த அலாரம் ஒன்றைக் கதவில் ஒட்டினால், கதவு திறந்த நொடியில் அலறும். அது பேட்டரியில் ஓடுவதால் இணையமும் வேண்டாம், வீட்டு மின்சாரமும் வேண்டாம். பின்புறச் சந்தில் ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு ஒன்று. கிரில் கேட்டில் தெருவைப் பார்த்துத் தொங்கும் பெரிய பூட்டு, வீட்டில் யாரும் இல்லை என்று தெருவுக்கே அறிவிக்கிறது. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்டக்கூடிய அமைப்புக்கு மாறிவிடுங்கள். வெளியூர் போகும்போது அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போகலாம்; அதற்குச் செலவே இல்லை.

மீதம் பதினோராயிரம். இப்போது கேமரா.

வைஃபை கேமராவின் உண்மையான பலம் படத்தின் தெளிவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஆள் சுவர் ஏறும்போதே கைபேசிக்கு எச்சரிக்கை வருகிறது. அலுவலகத்திலிருந்தபடியே பக்கத்து வீட்டு அண்ணனை அழைக்கலாம், அவசர எண் 112-ஐ அழைக்கலாம், கேமராவின் ஒலிபெருக்கி வழியாகவே அதட்டலாம். வாடகை வீடென்றால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்க வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பலவீனங்களும் தெளிவானவை. மலிவான மாடல்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும். ரூட்டருக்கும் கேமராவுக்கும் நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர் வந்தால் தொடர்பு தடுமாறும். மின்சாரம் போனால் ரூட்டரும் கேமராவும் சேர்ந்தே கண்ணை மூடும். நம் வீடுகளில் மீட்டர் பெட்டியும் மெயின் சுவிட்சும் பெரும்பாலும் வாசலிலேயே இருப்பதால் திருடனே மின்சாரத்தை நிறுத்திவிட முடியும்; இதை வெறும் மின்வெட்டுச் சிக்கலாக நினைக்க வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்தால் ரூட்டரையும் கேமராவையும் அந்த இணைப்புக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். கேமரா அடாப்டரில் 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் எதுவென்று பார்த்து, அதற்கும் வெளியீடு உள்ளதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதிவு தங்குவது கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில். கேமராவைப் பிடுங்கினால் கார்டும் போய்விடும். ஆகவே எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். இரண்டு கேமராக்களை ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். ஒன்றைப் பிடுங்குபவரின் முகம் மற்றொன்றில் பதிவாகும். பதிவை இணையத்தில் வைக்கும் கிளவுட் சேமிப்புக்கு ஆண்டுச் சந்தா உண்டு. ஒவ்வோர் ஆண்டும் கட்டியாக வேண்டிய செலவு என்பதால் முதல் நாளே கணக்கில் சேர்த்துவிடுங்கள். கார்டின் கணக்கு எளிது: நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 ஜிபி. 64 ஜிபி கார்டு ஐந்தாறு நாள் தாங்கும். சாதாரணக் கார்டு இடைவிடாத எழுத்தில் சீக்கிரம் பழுதாகும், கண்காணிப்புக்கென்றே விற்கும் கார்டை வாங்குங்கள்.

டிவிஆர் செட் என்பது வேறு இனம். நான்கு அனலாக் கேமரா, படத்தையும் மின்சாரத்தையும் ஒன்றாகக் கொண்டுபோகும் 3+1 கேபிள், 12 வோல்ட் பவர் சப்ளை, ஹார்டு டிஸ்க், பொருத்துகூலி எல்லாம் சேர்த்து 12,000 முதல் 18,000 வரை ஆகும். இணையமே இல்லாவிட்டாலும் இரவு பகலாகப் பதியும். கேமரா ஒன்றுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தாலும், நான்குக்கும் சேர்த்து 1 டெராபைட் டிஸ்க்கில் பதினோரு நாள் நிற்கும். போன வாரம் யார் வந்தார் என்று பின்னோக்கித் தேட இதற்கு ஈடு வைஃபையில் இல்லை. வீட்டுக்கீழே கடை வைத்திருப்பவர்களும், நான்கு பக்கமும் திறந்த வீட்டில் இருப்பவர்களும் இதையே எடுக்கலாம்.

ஆனால் பெரும்பாலும் டிவிஆர் எங்கே இருக்கிறது? கூடத்தில், டிவிக்கு அடியில், சிவப்பு விளக்கு எரிய. செய்திகளில் வரும் அந்த இரண்டாவது வரி இங்கேதான் பிறக்கிறது. பரணிலோ, பூட்டும் அலமாரியிலோ காற்றோட்டம் உள்ள இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் மட்டுமே இந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. இடி மின்னல் அதிகமுள்ள ஊர்களில் வெளியே நீண்டு கிடக்கும் செம்புக் கம்பி வழியாக டிவிஆரின் போர்ட்டுகள் பழுதாவதும் உண்டு. இன்னொன்று கடவுச்சொல். பொருத்துபவர் எளிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போவார், நாமும் மாற்றமாட்டோம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு விடப்பட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும் பெருமளவில் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கியது. பொருத்துபவர் கிளம்புவதற்கு முன் உங்கள் கையாலேயே மாற்றுங்கள்.

எந்த வகையானாலும் எல்லோரும் ஏமாறும் இடம் லென்ஸ். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் (படப்புள்ளி) வேண்டும் என்பது கண்காணிப்புத் துறையின் அளவுகோல். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். ஏறத்தாழ 100 டிகிரி அகலம் பார்க்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸில் இந்த அளவு தெளிவு மூன்று மீட்டர் தூரத்தோடு முடிந்துவிடுகிறது, அதாவது பத்தடி. அதற்கு அப்பால் ஆள் வந்தது தெரியும், யாரென்று தெரியாது. மாடியில் மாட்டித் தெரு முழுவதையும் பார்க்கிறேன் என்பவர்களின் பதிவு விசாரணையில் பயன்படாமல் போவது இதனால்தான். கேட்டைப் பார்க்கும் கேமராவை 6 மில்லிமீட்டர் லென்ஸில் வாங்கினால் பார்வை குறுகும், முகம் ஏழெட்டு மீட்டர் வரை கிடைக்கும். அகலத்தைக் காட்டித்தான் விற்பார்கள். நீங்கள் முகத்தைக் கேளுங்கள்.

கேமராவின் முகப்பில் சிலந்தி வலை கட்டும், வலை அசைந்தால் கைபேசி ஓயாமல் அடிக்கும். மாதம் ஒருமுறை ஒட்டடைக் கோல் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கேபிள் இணைப்புகளை பிவிசி பெட்டிக்குள் அடக்கிவிடுங்கள்.

சோலாரில் ஓடும் 4ஜி சிம் கேமரா தோப்புக்கும் பம்புசெட் அறைக்கும் ஏற்றது. மின்சாரமும் வைஃபையும் உள்ள வீட்டுக்கு மாதாந்திர டேட்டா செலவு தேவையில்லை. பழைய கைபேசியைச் செயலி போட்டுக் கேமராவாக்குவது வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களை ஒரு வாரம் பார்த்துக்கொள்ள உதவும். மாதக்கணக்கில் சார்ஜரிலேயே விட்டால் பேட்டரி உப்பும்.

2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கு இணையப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் பதிவு எண் இல்லாத, பெயர் தெரியாத பல்பு வடிவக் கேமராக்களை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் படுக்கையறை உள்ள வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பக்கத்து வீட்டு ஜன்னலும் மொட்டை மாடியும் படத்தில் விழுந்தால் செயலியிலேயே அந்தப் பகுதியை மறைக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் உடன் வசிப்பவரின் ஒப்புதல் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமை மீறல் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது.

நாம் எடுத்துக்கொண்ட அந்த வீட்டுக்கு என் தேர்வு வைஃபைதான். கேட்டுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று. மழை தாங்கும் வெளிப்புற மாடல்களாக. நல்ல கார்டு இரண்டு, மினி யுபிஎஸ். கதவு வேலையோடு சேர்த்து 15,000-க்குள் அடங்கும். மட்டமான நான்கு கேமரா டிவிஆரும் உடையும் பின்கதவுமாக இருப்பதைவிட இது பல மடங்கு மேல்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நிறுத்தாதீர்கள். அதில் படம் சுருங்கித் தெளிவு போய்விடும். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறுவதற்குள் கார்டைக் கழற்றி, நகல் எடுத்து, அசல் கார்டைத் தொடாமல் வையுங்கள். பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் கொடுக்க வேண்டும் என்பதால், காவல் நிலையத்தில் புகார் தரும்போதே பதிவு எந்தக் கருவியில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதை எழுதிக் கொடுங்கள். கேமராவின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.