நூறு நாள் வேலையா, உரிமைத் தொகையா, கட்டணமில்லாப் பேருந்தா?

தமிழ்நாட்டில் நிலமற்ற ஒரு கூலிக் குடும்பம் தலைநிமிர இன்று கைகொடுக்கும் திட்டங்களில் மூன்றை எடுத்துக்கொள்வோம். ஊரக வேலை உறுதித் திட்டமான நூறு நாள் வேலையில், 2025-26-க்கு அறிவிக்கப்பட்ட 336 ரூபாய் நாட்கூலியில் நூறு நாளும் வேலை கிடைத்தால், ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் 33,600 ரூபாய் சேரும். மகளிர் உரிமைத் தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கட்டணமில்லாப் பேருந்தால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கணித்தது. ஆனால் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது எது என்று கேட்டால், இந்தத் தொகைகளை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகிறது. நோயாலோ கைக்குழந்தையாலோ வேலைக்குப் போக இயலாத பெண்ணுக்கும் அது கிடைக்கிறது என்பதும், வீட்டு வேலையும் உழைப்புதான் என்று அரசே ஒப்புக்கொண்டதும் பெரிய விஷயங்கள். எனினும் விலைவாசியோடு சேர்ந்து அது உயர்வதற்கு ஏற்பாடு இல்லை. மளிகைக் கடன் ஓரளவு அடையும்; மறுநாள் வயலில் அவளுக்குத் தரப்படும் கூலி பெரும்பாலும் பழைய கூலியாகவே இருக்கும்.

நூறு நாள் வேலையின் பலம், அதற்குப் போகாதவர்களுக்கும் அது உதவுவதில் இருக்கிறது. ஏரி தூர்வாரும் வேலை ஊரிலேயே இருக்கும்போது, குறைந்த கூலிக்கு அழைப்பவரிடம் 'வரவில்லை' என்று சொல்ல ஒரு பெண்ணுக்குத் துணிவு வருகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்தே பழகிய ஊர்களில், இருவருக்கும் ஒரே கூலி என்று 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் வந்த நடைமுறை சாதாரண மாற்றம் அன்று; தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு வருவோரில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்களே. 'நூறு நாள் வேலையால் வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை' என்று நிலம் வைத்திருப்போர் சொல்லும் குறையை, அத்திட்டம் வேலை செய்கிறது என்பதற்கான சான்றாகவே நான் கருதுகிறேன். சிறு விவசாயியின் நெருக்கடி உண்மையானது. அதற்குத் தீர்வு நெல்லுக்குக் கட்டுப்படியாகும் விலை, கூலியைக் குறைப்பது அன்று. அதே வேளையில், எல்லாக் குடும்பங்களும் முழு நூறு நாளைப் பெற்றதில்லை. 2024 நவம்பர் இறுதிக்குப் பிறகு மாதக்கணக்கில் கூலி நிலுவையில் நின்றபோது, அன்றாடங்காய்ச்சிகள் மீண்டும் வட்டிக்காரரிடமே போக நேர்ந்தது.

மூன்றில் மிகக் குறைந்த பணம் தரும் பேருந்துத் திட்டத்தையே நான் இரண்டாம் இடத்தில் வைப்பேன். விண்ணப்பம் இல்லை, வருமான வரம்பு இல்லை, ஏறினால் போதும். பக்கத்து நகரத்துத் துணிக்கடைக்கோ காய்கறிச் சந்தைக்கோ செலவின்றிப் போய்வர முடிகிற பெண், உள்ளூர்க் கூலியை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்து எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு மட்டும் இது பயன்படாது.

நூறு நாள் சட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், நாட்களை 125 ஆக்குகிறது. ஆனால் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும் என்கிறது. விதைப்பும் அறுவடையும் நடக்கும் பருவத்தில் ஆண்டுக்கு 60 நாட்கள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் அது வழிசெய்கிறது. வயலுக்கு ஆள் மிகுதியாகத் தேவைப்படுவதும், கூலியை உயர்த்திக் கேட்க முடிவதும் அந்த நாட்களில்தான்.