வளையத்தில் ‘என்.டி.1000’ என்று பொறித்திருந்தால் போதுமா? நான் ஏமாந்த கதை

ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து லாங் எக்ஸ்போஷர் எடுக்க 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிப் பையில் போட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகப் படியுங்கள். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். ஆப்டிகல் கிளாஸ், மல்டி கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு), நிற மாற்றம் அறவே கிடையாது, 10 ஸ்டாப் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். வந்த அன்று ராத்திரி லென்ஸில் மாட்டி, அறை விளக்கு வெளிச்சத்தில், ஆட்டோவில் வைத்து ஒரு படம் எடுத்தேன். படம் வந்தது, நிறமும் சரியாக இருந்தது. திருப்தியோடு எடுத்து வைத்துவிட்டேன். திருப்பி அனுப்ப 10 நாள் கெடு. நான் அதை வெளியே எடுத்துப் போனது 12-ம் நாள்.

கடற்கரை, சூரியன் எழுந்து சற்று நேரம் ஆகியிருந்தது. ஃபில்டர் இல்லாமல் லென்ஸ் துளை எஃப் 11, சென்சாரின் உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100-இல் 1/30 விநாடி சரியாக வந்தது. 10 ஸ்டாப் என்றால் வெளிச்சம் 1,024-இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும், அதாவது 34 விநாடி. நாமே மூடும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடில் 34 விநாடி திறந்து வைத்தேன். வானம் முழுக்க வெளுத்துப் போய், அலை எது கரை எது என்று தெரியாத ஒரு படம் வந்தது. கணக்கில்தான் தவறு என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். மறுபடியும் அதேதான். நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்ததில் 8 விநாடியில்தான் படம் ஒழுங்காக நின்றது. 1/30-க்கு 8 விநாடி என்றால் 240 மடங்கு. அது ஏறக்குறைய 8 ஸ்டாப், 10 இல்லை.

‘இரண்டு ஸ்டாப்தானே’ என்று விட முடியாது. கடல் பனிமூட்டம்போல் படிய வேண்டும் என்றுதான் நான் அந்த 34 விநாடியைக் கேட்டேன். 8 விநாடியில் அலை இழை இழையாகத்தான் விழுந்தது. எஃப் 22-க்குப் போனால் நேரம் கிடைக்கும், ஆனால் துளை அவ்வளவு சுருங்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படத்தின் கூர்மை போய்விடும். உடன் வந்த நண்பர் தன்னுடைய ஃபில்டரைக் கழற்றிக் கொடுத்தார். அதே டிரைபாட், அதே இடம், அதே 34 விநாடி. படம் சரியாக வந்தது.

நிறத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். பாறைமேல் வைத்திருந்த என் கேமரா பையின் வார் ஃபிரேமின் ஓரத்தில் விழுந்திருந்தது. கன்னங்கரேல் நைலான் வார் அது. படத்தில் திராட்சை ரசத்தில் முக்கி எடுத்ததுபோல் கருஞ்சிவப்பாக இருந்தது. பின்னால் நின்ற செடிகளின் பச்சை பழுத்துப்போய்க் கிடந்தது. படத்தின் நிறச் சாயலைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்று சரியாகும்போது இன்னொன்று கெட்டது.

இது ஏன் என்று தெரிந்துகொண்டால் இனி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. கேமரா சென்சாருக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் கொஞ்சம் தெரியும். அதைத் தடுக்க சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி உண்டு, ஆனால் அது முழுக்கத் தடுப்பதில்லை. சாதாரணப் படத்தில் அந்த மிச்சம் கணக்கிலேயே வராது. மட்டமான என்.டி. ஃபில்டரோ கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஆயிரத்தில் ஒன்றாக வெட்டிவிட்டு, அகச்சிவப்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். நாம் நேரத்தை ஆயிரம் மடங்கு நீட்டும்போது அந்த மிச்சமும் அதே அளவுக்குச் சேர்ந்து படத்தில் ஏறிவிடுகிறது. இலையும் செயற்கை நூல் துணியும் அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும், தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவில் கெடுவதால்தான் ஒரே ஒயிட் பேலன்ஸ் திருத்தத்தில் படம் மீளவில்லை.

அப்படியானால் முதல் நாள் ராத்திரி நிறம் எப்படிச் சரியாக வந்தது? என் அறையில் எரிவது எல்.இ.டி. விளக்கு. அதில் அகச்சிவப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. வராத ஒன்றை ஃபில்டர் விட்டதா தடுத்ததா என்று எப்படித் தெரியும்? ஸ்டாப் குறைவு தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. ஆட்டோவில் கேமராவே நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றிவிட்டது.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதில்: “ஒயிட் பேலன்ஸ் சரியா வைக்கலை சார், அது உங்க கேமரா செட்டிங் பிரச்சினை.” ஃபில்டரோடும் ஃபில்டர் இல்லாமலும் எடுத்த ரா கோப்புகளை (கேமரா திருத்தாமல் அப்படியே பதிவு செய்யும் கோப்பு) அனுப்பினேன். இரண்டாவது பதில்தான் என்னை நிலைகுலைய வைத்தது: “என்.டி.1000 என்பது மாடல் பெயர் சார், அளவு இல்லை.” விற்பனைப் பக்கத்தில் 10 ஸ்டாப் என்று அவர்களே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைச் சுட்டிக்காட்டியதும் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். அதோடு பேச்சு நின்றது.

பிறகுதான் அந்தப் பக்கத்திலிருந்த மாதிரிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபில்டர் இல்லாத படத்தில் அலையும் மேலே பறக்கும் ஒரு பறவையும் இருக்கின்றன. ஃபில்டர் போட்ட படத்தில் தண்ணீர் பட்டுப்போல் இருக்கிறது, பறவை அதே இடத்தில் சிறகு விரித்தபடி துல்லியமாக நிற்கிறது. அரை நிமிடம் ஷட்டர் திறந்திருந்தால் பறக்கும் பறவை படத்தில் பதியவே பதியாது. இரண்டும் ஒரே படம், தண்ணீரை மட்டும் கணினியில் தேய்த்திருக்கிறார்கள். இதை வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பாருங்கள்.

வளையத்தில் இருக்கும் எண்ணிலும் குழப்பம் செய்கிறார்கள். என்.டி.8 (எத்தனை மடங்கு குறைக்கும் என்ற எண்), 0.9 (அடர்த்தி எண்), 3 ஸ்டாப் எல்லாம் ஒன்றே. என்.டி.64, 1.8, 6 ஸ்டாப் ஒன்று. என்.டி.1000, 3.0, 10 ஸ்டாப் ஒன்று. ‘என்.டி.10’ என்று மொட்டையாகப் போட்டிருந்தால் எழுதிக் கேளுங்கள். மடங்குக் கணக்கில் அது 3 ஸ்டாப்பைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பதிலையும் பத்திரமாக வையுங்கள். ‘ஒன்றே போதும், திருப்பினால் 1 முதல் 9 ஸ்டாப்’ என்று விற்கும் வேரியபிள் வகையில் இரண்டு போலரைசர்கள் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகள்) இருக்கும். கடைசி ஸ்டாப்களுக்குத் திருப்பும்போது, அதுவும் அகன்ற லென்ஸில், வானத்தில் பெருக்கல் குறிபோல் கறுப்புப் பட்டை விழும். வீடியோவுக்கு அது உதவும். நீண்ட எக்ஸ்போஷருக்கு நான் வாங்க மாட்டேன்.

இப்போது எந்த ஃபில்டர் வந்தாலும் அன்றே சோதிக்கிறேன். டிரைபாடில் கேமரா, எல்லாம் மேனுவலில், ஃபோகஸும் பூட்டியாகிவிட வேண்டும். விளக்கு விழும் வெள்ளைச் சுவரை ஃபில்டர் இல்லாமல் 1/50 விநாடிக்குச் சரியாக வரும்படி ஐ.எஸ்.ஓ.வை வைத்து ஒரு படம். அடுத்து வேறெதையும் மாற்றாமல் ஃபில்டரோடு 20 விநாடி. இரண்டு ஹிஸ்டோகிராமும் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மூன்றில் ஒரு ஸ்டாப் முன்னே பின்னே இருந்தால் நான் பொறுத்துக்கொள்வேன். டி.எஸ்.எல்.ஆர். என்றால் வியூஃபைண்டரைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், அதன் வழியாகப் புகும் வெளிச்சமும் படத்தைக் கெடுக்கும். நிறத்துக்கு மறுநாள் வெயிலில் ஒரு கறுப்பு நைலான் பையையும் ஒரு செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. கறுப்பு கறுப்பாகவே இருந்தால் நல்லது. கோட்டிங் உண்டா என்று பார்க்க ஃபில்டரில் விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். கோட்டிங் இருந்தால் மங்கலாக, பச்சையோ ஊதாவோ கலந்து தெரியும். வெறும் கண்ணாடி என்றால் பளீரென்று வெள்ளையாகத் தெரியும்.

சோதனைப் படங்களை ரா கோப்பாகவே வையுங்கள், டப்பாவையும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய நாளன்றே விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். நான் புகார் செய்த சில நாளில் அந்தப் பக்கத்தில் ‘10 ஸ்டாப்’ என்ற வரியே காணாமல் போயிருந்தது. என்னிடம் அதற்கு ஆதாரம் இல்லை. கெடு முடியாதவர்கள் சுவர்ச் சோதனையை இன்றிரவே செய்யுங்கள், வெயில் சோதனையை நாளைக் காலையில்.