உப்புக் காற்றுக்கு எந்த யார்க்கி?

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் பக்கம் யார்க்‌ஷயர் டெரியர் (சுருக்கமாக யார்க்கி) என்ற குட்டி ரக நாய் வாங்க ஆசைப்படுபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில், "அண்ணே, எவ்வளவு சின்னதாக் கிடைக்கும்?" அடுத்து, "பேப்பர் இருக்கா?" கடைசியில், ரூபாயை எண்ணிக் கொடுக்கும் நேரத்தில்தான், "கடிக்கிடிக்குமா?" இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி. அதோடு யாரும் கேட்காத கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது: முடி எப்படி? கடலோரத்தில் அதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

சரி, எல்லோரும் கேட்பதிலிருந்தே தொடங்குவோம்.

எடை

விற்பவர்கள் மூன்று சைஸ் சொல்வார்கள். ஒன்றரை கிலோவுக்குள் நிற்கும் டீகப், மூன்று கிலோ சுமாருக்கு ஸ்டாண்டர்டு, நாலு நாலரை கிலோ போகும் 'பெரிய யார்க்கி'. இதில் டீகப் என்பது வியாபாரிகள் வைத்த பெயர். நாய் இனங்களைப் பதிவுசெய்யும் எந்தக் கென்னல் கிளப்பின் ஏட்டிலும் அப்படி ஒரு வகை கிடையாது. இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டு நாட்டு விதிகளிலும் 7 பவுண்டு, அதாவது 3.2 கிலோ என்ற மேல் வரம்பு மட்டும்தான் இருக்கிறது. கீழ் வரம்பை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தச் சந்தில் புகுந்ததுதான் டீகப் வியாபாரம்.

பெரியதைப் பார்த்ததும் 'இது கலப்பு' என்று ஒதுக்குவதும் சரியில்லை. வேலை தேடி ஸ்காட்லாந்திலிருந்து இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், லங்காஷயர் ஆலை ஊர்களுக்கு வந்த நெசவாளிகள் தங்களோடு கொண்டுவந்த டெரியர்களின் வாரிசு இது. ஆலையில் எலி பிடிப்பதுதான் தொழில். 1865-ல் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்டு பென் என்ற ஆண் நாயைத்தான் இந்த இனத்தின் தகப்பன் என்பார்கள். அதன் எடை ஏறக்குறைய 5 கிலோ! இன்றைக்கு இருந்தால் எடையைக் காட்டியே நாய் ஷோவில் கழித்துவிடுவார்கள். தன்னைவிடச் சின்னக் குட்டிகளைக் கொடுத்ததுதான் அதன் பெருமை. பெரியதும் சின்னதும் இன்னும் ரத்தத்தில் கலந்து கிடப்பதால், ஒரே ஈற்றில் ஒரு குட்டி இரண்டு கிலோவில் நின்றுவிடும், கூடப் பிறந்தது நாலைத் தாண்டும்.

சின்னதாக இருந்தும் நன்றாக வாழ்ந்த நாய் உண்டு, மறுக்கவில்லை. 1944-ல் நியூ கினியாவில் ஒரு பதுங்குகுழியில் கிடைத்த ஸ்மோக்கி என்ற யார்க்கி இரண்டு கிலோகூட இல்லை. பிலிப்பைன்ஸின் லிங்காயன் விமானத்தளத்தில், ஓடுபாதைக்கு அடியில் போன 70 அடிக் குழாய்க்குள் புகுந்து, கழுத்துப்பட்டையில் கட்டிய கயிற்றோடு டெலிபோன் ஒயரை மறுபக்கம் கொண்டுவந்து சேர்த்தது. 1957 வரை இருந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் சில்வியா என்றொரு யார்க்கி. தோள் உயரம் இரண்டரை அங்குலம், எடை 113 கிராம். உலகிலேயே சின்ன நாய் என்று பெயர் வாங்கியது. இரண்டு வயது நிறைவதற்குள் 1945-ல் செத்துப்போனது. கையில் ஏந்திக் காட்டும் டீகப் ஸ்மோக்கியாகுமா, சில்வியாவாகுமா என்று இரண்டு மாதக் குட்டியைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

நம் ஊருக்கு வருவோம். ஒன்றரை கிலோ நாய்க்குச் சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். கால் தள்ளாடும், கண் சொருகும். ஈறில் தேனைத் தடவிக்கொண்டே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குள் போகாமல் வெளியே சுற்றிப்போகும் ஒரு பிறவிக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். அதற்கு ஆபரேஷன் என்றால் மதுரைக்கோ திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோதான் போக வேண்டியிருக்கும். உடம்பு சின்னதாக ஆக ஆக மயக்க மருந்து கொடுப்பதும் அந்தளவுக்கு ஆபத்து. இதெல்லாம் போக, மீன் இறங்கும் இடத்தில் தின்று கொழுத்த தெரு நாய்க் கூட்டம் இருக்கிறது. மூன்று கிலோ நாய் என்றால் தூக்கிக்கொள்ள ஒரு நொடி அவகாசமாவது கிடைக்கும்.

பெரிய யார்க்கியின் ஒரே குறை, ஷோவுக்கு ஆகாது. வீட்டில் பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள் என்றால் எனக்கு நாலு கிலோ நாய்தான் முதல் தேர்வு. குட்டி எந்த அளவில் நிற்கும் என்று அறிய, மூன்று மாதத்தில் உள்ள எடையை இரட்டிப்பாக்கிப் பார்ப்பது வளர்ப்பவர்களின் மனக்கணக்கு. அப்புறம் உச்சந்தலையில் விரல் வைத்துப் பாருங்கள். எலும்பு மூடாமல் மெத்தென்று உச்சிக்குழி தட்டுப்பட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முடி

யார்க்கிக்கு உள்முடி அடுக்கு இல்லை. இருப்பது ஒற்றை அடுக்கு. நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வெயிலைப் பொறுத்தவரை பொமரேனியனைவிட இதற்குக் கொஞ்சம் சௌகரியம். ஆனால் எல்லா யார்க்கிக்கும் முடி ஒன்றல்ல. பட்டு முடி, பஞ்சு முடி என்று இரண்டு ரகம்.

குட்டியின் முதுகில் ஒரு கற்றையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பட்டு முடி குளிர்ச்சியாக இருக்கும், விரலிலிருந்து வழுக்கிக்கொண்டு நழுவும், விட்டதும் தானாகப் படிந்துவிடும். பஞ்சு முடி வெதுவெதுப்பாக, உப்பலாக, தேய்த்த இடத்திலேயே நிற்கும். குட்டியில் பஞ்சு முடிதான் புசுபுசுவென்று பார்வைக்கு அழகு. போட்டோவில் விற்பதும் அதுதான்.

ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும்போது வித்தியாசம் தெரியும். பட்டு முடியில் மண் தங்காது. உதறினால் பாதி போய்விடும், மீதி சீப்புக்கு வரும். பஞ்சு முடியில் மணலும் உப்பு ஈரமும் சேர்ந்து, காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் சடை பிடித்துக்கொள்ளும். ராவணன் மீசை முள்ளும் ஒட்டுப்புல்லும் சிக்கினால் கத்தரிதான் வழி. சடைக்கு அடியில் தோல் வெந்து நாறும்வரை பலருக்குத் தெரிவதில்லை. அந்தச் சடை உண்ணிக்கும் தோதான இடம். பஞ்சு முடி நாய்தான் கிடைத்தது என்றால் வருத்தப்பட வேண்டாம், ஒட்ட வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மொட்டையாக மட்டும் சிரைக்காதீர்கள். தோல் வெயிலில் பொரியும்.

எந்த முடியாக இருந்தாலும் போர்வெல் தண்ணீரில் மட்டும் குளிப்பாட்டினால் முடி விறைத்துப்போகும். கடைசியாக அலச ஒரு குடம் காவிரித் தண்ணீர் எடுத்து வையுங்கள். நாய்க்கா நல்ல தண்ணீர் என்று வீட்டில் பேச்சு விழும். விழட்டும்.

நிறத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. குட்டி கறுப்பும் பழுப்புமாகத்தான் பிறக்கும்; முதுகு நீலச் சாம்பலாக மாற இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம். இரண்டு மாதத்திலேயே வெள்ளிபோல் வெளுத்த குட்டியை 'அரிய நிறம்' என்று நீட்டினால் சந்தேகப்படுங்கள். வெள்ளை கலந்த பீவர் டெரியர் ஜெர்மனியில் 1984-ல் ஒரு யார்க்கி ஈற்றிலிருந்து வந்தது. அதற்கு இப்போது தனி இன அந்தஸ்து. நம் பக்கம் வெள்ளைத் திட்டோடு காட்டுவதில் ஷிட்சூ என்ற வேறு இனம் கலந்ததும் இருக்கும். வளர்ந்தும் காது தொங்கி, மூக்கு சப்பையாக, கீழ்த்தாடை முன்னால் தள்ளி நிற்கும் தாயைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

பேப்பர்

இந்தியக் கென்னல் கிளப்புக்குத் தலைமையகம் சென்னையில். அது தரும் வம்சாவளிச் சான்றிதழில் பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களுக்கும் மேல் ஒரு தலைமுறை என்று பெயர்கள் இருக்கும். இதனால் என்ன தெரியும்? அப்பன் யார், பாட்டன் யார் என்று தெரியும். ஈரல் நன்றாக இருக்கிறதா, முழங்கால் சில்லு இடம் விலகுமா, மூச்சுக்குழாய் தொய்ந்து வாத்துபோல் இருமுமா, இது எதையும் பேப்பர் சொல்லாது. எடைக்கும் உத்தரவாதம் இல்லை.

இருந்தாலும் பேப்பரைப் படிக்கத் தெரிந்தால் பிரயோசனம் உண்டு. அப்பா வழித் தாத்தா பெயரும் அம்மா வழித் தாத்தா பெயரும் ஒன்றாக இருந்தால், நெருங்கிய ரத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் குட்டி எனக்கு வேண்டாம். குட்டியின் தோலுக்கு அடியில் வைத்த அடையாளச் சிப்பின் எண்ணும் பேப்பரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். 'இம்போர்ட் லைன்' என்று கூடுதல் விலை சொல்பவரிடம் அந்த வெளிநாட்டு நாயின் பேப்பரைக் கேளுங்கள். வியாபாரத்துக்காக நாய் இறக்குமதி செய்ய 2016-லேயே மத்திய அரசு தடை போட்டது.

பேப்பர் இல்லாத குட்டி, ஆனால் தாயும் தகப்பனும் கண் முன்னால் ஓடியாடுகின்றன, தாய்க்கு வயது நாலு, பல் சுத்தம், இருமல் இல்லை. இன்னொரு பக்கம் மூன்று தலைமுறைப் பேப்பர், குட்டியோ வண்டியில் கூடையோடு வந்து இறங்குகிறது, தாய் எங்கே என்று கேட்டால் பெங்களூரு என்கிறார்கள். ஷோவுக்குப் போகாத வீட்டுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

குணம்

சின்னது சாது, பெரியது முரடு என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. டெரியருக்கு அது பொருந்தாது. மூன்று கிலோவோ ஒன்றரையோ, கருவாட்டு மூட்டைக்குப் பின்னால் பெருச்சாளி நகரும் சத்தம் கேட்டால் அது பழைய ஆலை வேலைக்காரன்தான். கடற்கரையில் நண்டு வளையைக் கண்டால் மூக்கு நிறைய மண் ஏறும்வரை தோண்டும். குரைப்பும் அப்படித்தான். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் இருப்பவர்கள் வாங்குமுன் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆண் நாய் ஒட்டிக்கொள்ளும், பெண் தன் போக்கில் அதிகாரம் பண்ணும் என்பார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆண் கதவு மூலையில் தொடங்கி வலைக் குவியல் வரை காலைத் தூக்கும் என்பது நிச்சயமான உண்மை. ஆனால் ஆண், பெண் வித்தியாசத்தைவிடக் குட்டிக்குக் குட்டி வித்தியாசம் பெரியது. தரையில் உட்கார்ந்து சாவிக்கொத்தைத் தள்ளிப் போடுங்கள். ஒன்று திடுக்கிட்டு ஒதுங்கி, பிறகு மெல்ல வந்து முகர்ந்து பார்க்கும். பெரும்பாலான வீட்டுக்கு அதுதான் சரி. ஓடிப்போய் மூலையிலேயே கிடப்பது நாளைக்குப் பயத்தில் கடிக்கும். எடுத்த எடுப்பில் சாவியைக் கவ்விக்கொண்டு ஓடுவதை நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் எடுங்கள். இரண்டு மாதம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. சின்ன இனத்துக்கு மூன்று மாதம் தாயோடு இருப்பது இன்னும் நல்லது. உடன்பிறப்புகளோடு உருண்டு வளர்ந்த குட்டிக்குத்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்ற கணக்கு தெரியும்.

குட்டிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஈனுவதை நிறுத்திவிட்ட நாலைந்து வயதுப் பெண் நாயைச் சில வளர்ப்பாளர்கள் நல்ல வீடு பார்த்துக் கொடுப்பார்கள். எடை எவ்வளவு, முடி பட்டா பஞ்சா, குரைப்பு எப்படி என்பதெல்லாம் அதில் ஏற்கெனவே தெரிந்துபோயிருக்கும். சராசரியாகப் பன்னிரண்டு பதினைந்து வருடம் வாழும் இனம் என்பதால் இன்னும் நிறையக் காலம் உங்களோடு இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவருமுன் பல்லை மட்டும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். யார்க்கிக்கு முதலில் கெடுவது அதுதான்.