பீடத்தில் பீர்க் கலன்: பிட்ஸ்பர்க்கில் மூடிய கோயில்கள் என்னவாயின?

1950-இல் 6,76,000 பேர் வாழ்ந்த அமெரிக்க நகரமான பிட்ஸ்பர்க்கில் 2010-இல் 3,05,000 பேர்தான் இருந்தார்கள். எஃகு ஆலைகள் படுத்ததும் இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார்கள். ஜெர்மானியர், போலந்துக்காரர், குரோஷியர் என்று ஆளாளுக்குத் தங்கள் கூலிப் பணத்தில் கட்டிய கத்தோலிக்கக் கோயில்களில் பூசைக்குக் கூட்டமில்லை. மறைமாவட்டம், அதாவது ஆயரின் நிர்வாகம், பங்குகள் எனப்படும் ஊர்ச் சபைகளை ஒன்றோடொன்று இணைத்து, பல கோயில்களை மூடியது.

இப்படி மூடும் கோயிலுக்குத் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222-ஆம் விதி ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது: உலகக் காரியத்துக்குக் கொடுக்கலாம், ஆனால் அது இழிவான காரியமாக இருக்கக்கூடாது.

லாரன்ஸ்வில் பகுதியின் திருமுழுக்கு யோவான் கோயிலை இதில் வைத்துப் பார்ப்போம். 1902-இல் எழும்பியது, 1993-இல் மூடினார்கள். 1996-இல் 'சர்ச் பிரூ வொர்க்ஸ்' என்ற உணவகமாகத் திறந்தது. பீர் அங்கேயே தயாராகிறது. நீண்ட பெஞ்சுகளை அறுத்துச் சாப்பாட்டு இருக்கைகளாக்கினார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியை (பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் சிற்றறையை) பிரித்தபோது கிடைத்த செங்கற்கள் வெளியே பெயர்ப்பலகைத் தூண்களாயின. இவ்வளவு பொறுப்பாகச் செய்தவர்கள் பீர் காய்ச்சும் கலன்களை மட்டும் பீடம் இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கு நெருடுவது அதுதான். பீர் இழிவு என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் துறவிகளே மடத்தில் பீர் காய்ச்சியிருக்கிறார்கள். ஆனால் பூசையில் அப்பமும் திராட்சை இரசமும் ஒப்புக்கொடுத்த இடம் அது. கலன்களை ஓரமாக வைத்திருக்கலாமே என்று மனசு கேட்கிறது.

நகரின் வடகரையில், ஜெர்மானியர் 1850-களில் கட்டிய புனித மரியாள் கோயிலின் கதை வேறு. நெடுஞ்சாலைக்காக இடிக்க 1981-இல் அரசுத் துறை அதை வாங்கியது. சாலைத் திட்டம் மாறியதால் கோயில் தப்பியது. பக்கத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகள் தங்கிய மடம் 1986-இல் விடுதியானது. கோயில் பிறகு விருந்து மண்டபமாகி, இன்றும் அங்கே கல்யாண விருந்துகள் நடக்கின்றன. உருமாறிய கோயில்களில் என் மனசுக்கு நெருக்கம் இதுதான். ஒரு குறை: அழைப்பு இல்லாமல் உள்ளே போக முடியாது. ஆனால் லாரன்ஸ்வில் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பாட்டி அந்த உணவகத்துக்கு நினைத்த நாளில் போய், ஒரு தட்டு பியரோகி (போலந்துக் கொழுக்கட்டை) வாங்கிக்கொண்டு, பழைய சன்னல் கண்ணாடிகளைப் பார்த்தபடி உட்காரலாம்.

பக்கத்து ஊரான மில்வேலில் இருந்த புனித அன்னாள் கோயில் இசை அரங்கமாகிவிட்டது. அந்த உயரமான கூரையின் கீழ் பாட்டு ஒலிப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் குரோஷியரின் புனித நிக்கோலாஸ் கோயிலை வைக்க வேண்டும். அமெரிக்காவின் முதல் குரோஷியப் பங்கு அது. 2004-இல் மூடினார்கள். நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருந்தும் எட்டு வருடம் பூட்டியே கிடந்து, 2013 ஜனவரியில் இடிபட்டது. வெங்காய வடிவக் கும்பங்களும் போயின. அதைப் பார்த்த பிறகு, பீடத்தில் நிற்கும் அந்தக் கலன்களைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன்.