38 எம்.பி. அப்டேட்

ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடுகிறவர்களும், வீட்டில் அதை விளையாடும் பிள்ளை வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் இழந்தது ஐந்தாண்டு ஐடி, அதாவது விளையாட்டுக் கணக்கு ஒன்று, பணமாக 4,300 ரூபாய். "நாற்பது வயதில் துப்பாக்கி விளையாட்டு விளையாடியதற்கு அபராதம் என்று வைத்துக்கொள்" என்றாள் என் அக்கா. அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. உங்களுக்காவது விவரம் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, பில் புத்தகம், நோட்டீஸ். 2020 ஊரடங்கில் மண்டபங்கள் பூட்டிக் கிடந்தபோது எனக்கும் வேலை இல்லை. அப்போது அக்கா மகன் இந்த விளையாட்டைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். ஐம்பது பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள்; கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசி வரை உயிரோடு நிற்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். மை காய்வதற்குக் காத்திருக்கும் நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான விளையாட்டு. ஊரடங்கு போன பிறகும் எனக்கு அது போகவில்லை.

காசும் போட்டேன், மறைக்கவில்லை. ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசுக்கு டைமண்ட் என்று பெயர். அப்போது 100 டைமண்ட் 80 ரூபாய், 520 டைமண்ட் 400 ரூபாய். ஆலோக் என்ற பாத்திரம் 599 டைமண்ட். பக்கத்தில் நிற்கும் கூட்டாளிகளுக்கும் சேர்த்து உயிர் ஏற்றிவிடுவான் என்பதால் எல்லோரும் அவனைத்தான் வாங்கினார்கள். 480 ரூபாய் கொடுத்து நானும் வாங்கினேன். ஐந்தாண்டில் இப்படிச் சிறுகச் சிறுகப் போட்டதைக் கூட்டிப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

இந்த விளையாட்டுக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. மோசடிக்காரர்கள் பிழைப்பது அந்த வரலாற்றில்தான். 2022 பிப்ரவரி 14 அன்று மத்திய அரசு தடை செய்த 54 செயலிகளில் பழைய ஃப்ரீ ஃபயரும் ஒன்று. அதற்கு முந்தைய செப்டம்பரில் வெளியாகியிருந்த மேக்ஸ் பதிப்பு பட்டியலில் இல்லை. பழைய ஐடியோடே அதில் நுழைய முடிந்ததால் நானும் மருமகனும் அதற்கு மாறிக்கொண்டோம். 2023 ஆகஸ்ட் கடைசியில், ஃப்ரீ ஃபயர் இந்தியா என்ற பெயரில் செப்டம்பர் 5 அன்று வருகிறோம் என்று அறிவிப்பு வந்தது. தோனி விளம்பரத் தூதர். ஆட்டத்துக்குள்ளேயே 'தல' என்ற பாத்திரமாக வருவார் என்றார்கள். தேதிக்கு முதல் நாள், சில வாரங்கள் தள்ளிவைக்கிறோம் என்றார்கள். அந்தச் சில வாரங்கள் நீண்டன. பள்ளிப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் "வந்துவிட்டது, இங்கே இறக்குங்கள்" என்ற லிங்குகள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. இதே மாதிரியான பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கி விளையாட்டை விளையாடியவர்களுக்கும் இது தெரியும். 2022 ஜூலை கடைசியில் அது செயலிக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு அடுத்த மே மாதம் திரும்பும் வரை, போலிக் கோப்புகளுக்குக் குறைவே இல்லை.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தடை காலத்து லிங்க் எதையும் தொட்டதில்லை. என்னைப் பிடித்தது சாதாரண அப்டேட் நாள்.

அப்டேட் நாளில் என்ன நடக்கும் என்பதை விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். சர்வரைப் பல மணி நேரம் மூடிவிடுவார்கள். பிளே ஸ்டோரில் புதிய பதிப்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வராது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு 'அப்டேட்' என்று பச்சைப் பொத்தான் வந்திருக்கும். நமக்கு 'ஓப்பன்' என்றே காட்டும். அதை அழுத்தினால் புதிய பதிப்பை இறக்கு என்று விளையாட்டு நம்மைத் திருப்பி அனுப்பும். இறக்கிய பிறகும் வரைபடம், ஸ்கின் எனப்படும் உடுப்பு என்று உள்ளே ஒவ்வொன்றாகத் தரவிறக்கம் கேட்கும். சில நேரம் மறுபடி உள்நுழையவும் சொல்லும். போதாதற்கு, அப்டேட்டுக்கு முன்னால் அட்வான்ஸ் சர்வர் என்று ஒன்று உண்மையிலேயே திறக்கிறார்கள். அதன் கோப்பு பிளே ஸ்டோரில் இருக்காது. அவர்களுடைய இணையதளத்தில் பதிவு செய்து, அனுமதிக் குறியீடு கிடைத்த சிலர் மட்டும் இறக்கிக்கொள்ளலாம். ஆக, வெளியிலிருந்து கோப்பை இறக்குவது, அனுமதி கொடுப்பது, கடவுச்சொல் அடிப்பது எல்லாமே அந்த ஒரு வாரத்தில் நமக்கு இயல்பாகிவிடுகிறது. திருடனுக்கு வேறென்ன வேண்டும்? அசலே கதவைத் திறந்து போடச் சொல்லும் நாளாகப் பார்த்து அவன் வருகிறான்.

அன்று காலாண்டு விடுமுறை. மருமகன் என் அச்சகத்தில் இருந்தான். பத்தாம் வகுப்பு படிக்கிறான். மாலை ஆறு மணி ஆகியும் என் கைப்பேசியில் 'ஓப்பன்' மாறவில்லை. புதிய பதிப்பைப் பற்றி ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் கருத்தாக, "அப்டேட் வராதவர்களுக்கு" என்று ஒரு லிங்க். அதன் கீழே நன்றி, வேலை செய்கிறது, அண்ணா நீங்கள் தெய்வம் என்று நாற்பது ஐம்பது பேர்.

கோப்பு 38 எம்.பி. பத்து நொடியில் இறங்கிவிட்டது. அசல் விளையாட்டு நூற்றுக்கணக்கில் எம்.பி. இருக்கும், மீதியை உள்ளே போய் இறக்கும் போலிருக்கிறது என்று நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதி கேட்டது, கொடுத்தேன். பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று வந்தது, 'இருந்தாலும் நிறுவு' என்பதை அழுத்தினேன். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, அதையும் கொடுத்தேன். துப்பாக்கி விளையாட்டுக்கு என் குறுஞ்செய்தி எதற்கு என்ற கேள்வி இன்றைக்குத்தான் வருகிறது. பழக்கமான படம், பழக்கமான இசை, பிறகு ஃபேஸ்புக் உள்நுழைவுப் பக்கம்.

அப்போது பையன் சொன்னான்: "மாமா, இது பாஸ்வேர்டு கேட்கிறதே? எப்போதும் ஃபேஸ்புக் செயலிக்குப் போய் 'தொடரவா' என்றுதானே கேட்கும்?"

"அப்டேட் வந்தால் அப்படித்தான் கேட்கும்" என்றேன்.

அவன் சொன்னதுதான் சரி. கைப்பேசியில் ஃபேஸ்புக் செயலி ஏற்கெனவே திறந்த கணக்கோடு இருந்தால், அசல் விளையாட்டு பெரும்பாலும் அந்தச் செயலியையே கூப்பிட்டு ஒப்புதல் கேட்கும். எண்ணையும் கடவுச்சொல்லையும் அடிக்கச் சொல்லாது. இந்தப் பதிவிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரிந்தது, மாமா என்ற மரியாதைக்காக அவன் மறுபடி சொல்லவில்லை.

தரவிறக்கக் கோடு 99 சதவீதம் வரை ஓடி நின்றது. நிற்கட்டும் என்று நானும் ஒரு பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்கப் போய்விட்டேன். ஏழரை மணிக்குத் திரும்பி வந்தால் அந்தச் செயலியின் படமே திரையில் இல்லை. அமைப்புகளுக்குள் போய்த் தேடியபோது வேறு பெயரில் ஒளிந்திருந்தது. அதற்குள் ஃபேஸ்புக்கில் என் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாறியிருந்தன. இரட்டைச் சரிபார்ப்பை நான் போட்டு வைத்ததே இல்லை. ஐடி அதோடு இணைந்தது, அதுவும் போயிற்று. வங்கிக் கணக்கின் சிம் கடைக் கைப்பேசியில் இருந்தது என் அதிர்ஷ்டம். இதே கைப்பேசியில் இருந்திருந்தால் ஓ.டி.பி.யைப் படித்து மொத்தத்தையும் வழித்திருப்பான்.

இத்தோடு நின்றிருந்தால் பண நஷ்டமே இல்லை. அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஐடி போய்விட்டது, யாராவது உதவுங்கள் என்று என் யு.ஐ.டி. எண்ணோடு, அதாவது ஆட்டத்தில் என் கணக்குக்கு உள்ள அடையாள எண்ணோடு, பல இடங்களில் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் டெலிகிராமில் ஒருவர் வந்தார். விளையாட்டின் சின்னம் முகப்புப் படம், பெயருக்குப் பக்கத்தில் நீல டிக். அது பெயரோடு சேர்த்து ஒட்டிய எமோஜி என்று பிறகுதான் பார்த்தேன். என் ஐடியின் பெயர், நிலை, ரேங்க் எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினார். உள்ளே இருக்கும் ஆள் என்று நம்பிவிட்டேன். யு.ஐ.டி. தெரிந்தால் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நானே மற்றவர்களுடையதை நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

முதலில் சரிபார்ப்புக் கட்டணம் 1,500. பிறகு, "உடணடியாக 2,800 செலுத்தவும் ஐயா, இல்லை என்றால் ஐடி வேறு சர்வருக்கு மாறி விடும், இந்த தொகை முழுவதும் திரும்ப கிடைக்கும்" என்று ஒரு செய்தி. உடனடிக்கு மூன்று சுழி 'ண'. பத்திரிகையில் இப்படி ஓர் எழுத்து விழுந்தால் பெண் வீட்டார் ஐந்நூறையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிழை பார்த்தே பிழைக்கிறவன், அன்று அதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே பணத்தை அனுப்பினேன்.

மறுநாள் ஒரு கியூ.ஆர். படம் வந்தது. இதை ஸ்கேன் செய்து யு.பி.ஐ. பின் எண்ணை அடித்தால் 4,300 உங்கள் கணக்குக்குத் திரும்பிவிடும் என்றார். கைப்பேசியைத் தூக்கியவன் மேசையைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே, நானே வடிவமைத்து நானே அச்சடித்து இந்தத் தெருக் கடைகளுக்கெல்லாம் கொடுத்த ஸ்டிக்கர்: "பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை." இருநூறு ஸ்டிக்கர் அடித்தேன். மிச்சம் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அங்கேதான் விழித்தேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைப்பதற்கு மூன்றாம் நாள் ஆகிவிட்டது. பணம் போன உடனே அழைத்தால், அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் அதை முடக்க வாய்ப்பு இருக்கிறது. நேரம் போகப் போக அது குறைகிறது. சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதிந்து எண் வாங்கிக்கொண்டேன். வங்கியில் மேலாளர் மரியாதையாகவே பேசினார். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, வெளியார் யாரோ செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளரைக் காப்பதாக இருந்தது. என் விரலால் என் பின் எண்ணை அடித்து நானே அனுப்பிய பணத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கைப்பேசியை முழுவதும் அழித்துப் புதிதாக்கினேன். அடையாள அட்டையைக் காட்டி, பதினோரு நாளுக்குப் பிறகு ஃபேஸ்புக் கணக்கு கைக்கு வந்தது. ஆவலாக விளையாட்டைத் திறந்தேன். ஐடி நிரந்தரமாக முடக்கப்பட்டிருந்தது. எடுத்தவனோ அவனிடம் வாங்கியவனோ, சுவருக்குப் பின்னால் இருப்பவனையும் சுடும் ஹேக் எதையோ அதில் போட்டு ஆடியிருக்கிறான் போலும். மருமகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆலோக்கும் போய்விட்டானா மாமா?" என்றான்.

ஐடியை யாரிடமாவது வாங்க நினைப்பவர்களும் யோசியுங்கள். விற்பதும் வாங்குவதும் விளையாட்டின் விதிப்படியே தடை. உங்கள் கைக்கு மலிவாக வருவது என்னைப் போன்ற ஒருவனுடையதாக இருக்கலாம். அவன் கணக்கை மீட்கிற அன்று உங்கள் பணமும் போகும். 'ஓப்பன்' என்றே காட்டினால் ஒரு நாள் காத்திருங்கள். ஒரு நாளில் எந்த ரேங்கும் முழுகிப்போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. புதிய எண், கறுப்புக் கோட்டு போட்ட வழக்கறிஞர் படம். நான் ஏமாற்றப்பட்டதை அறிந்து வருந்துகிறாராம். இழந்த தொகையைச் சட்டப்படி மீட்டுத் தருவாராம், பதிவுக் கட்டணம் 499 மட்டும். "உடணடியாக தொடர்பு கொள்ளவும் ஐயா" என்று முடித்திருக்கிறார்.